வெந்நீரூற்றில் எத்தனை நிமிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய வெந்நீரூற்று விடுதிகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரை ஆசையைத் தூண்டும்படி இருந்தது. ஆனால் ஒரு முழுக்குப் போட்டால் மூட்டுவலி ஓடிவிடும் என்பதுபோல அதில் வந்த வரிகள் கவலை தருகின்றன. அதைப் படித்துவிட்டு முழங்கால் வலியுள்ள அப்பாவையும் சர்க்கரை நோயுள்ள அம்மாவையும் அழைத்துப் போக டிக்கெட் எடுக்கிறவர்கள் இருப்பார்கள். எடுக்கட்டும், போக வேண்டிய இடம்தான். வெந்நீரூற்றுக்குப் பலன் உண்டு. ஆனால் அது நீரின் சூட்டையும், உள்ளே இருக்கும் நிமிடங்களையும், தங்கும் நாட்களையும் பொறுத்தது. இந்த மூன்றையும் சொல்லாமல் பலனை மட்டும் சொன்னால் வயதானவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், நீர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் கால்களுக்கு இறங்கும். கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். தேய்ந்த முழங்காலுக்கு உடனே கிடைக்கும் சுகம் பெரும்பாலும் இந்த மிதப்பினால் வருவது. சூடு இரத்தக் குழாய்களை விரிக்கிறது, இறுகிய தசை இளகுகிறது. கூடவே, கழுத்தளவு உட்கார்ந்தவரின் கால்களையும் வயிற்றையும் நீர் அழுத்துவதால் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. இதயம் அதை வாங்கி இறைக்கக் கூடுதலாக உழைக்கிறது. திடமான இதயத்துக்கு இது நல்ல பயிற்சி, தளர்ந்த இதயத்துக்குச் சுமை. ஒரே தொட்டியில் ஒருவருக்கு நிம்மதியும் இன்னொருவருக்கு மூச்சுத்திணறலும் வருவது இதனால்தான்.

சூட்டில் இரண்டு டிகிரி வித்தியாசம் என்பது சாதாரணமல்ல. 38 முதல் 40 டிகிரி வரை உடம்பு அமைதிப்படும், நாடி நிதானமாகும், இரவில் தூக்கம் நன்றாக வரும். 42ஐத் தொட்டால் நிலைமை தலைகீழ். உடம்பு விழிப்பாகி, படபடப்பு கூடி, இறங்கிய கணத்தில் இரத்த அழுத்தம் ஏறும், பிறகு குழாய்கள் விரிய விரியச் சரியும். வயதானவர்கள் 41 டிகிரிக்கு மேல் போகாமலும் 10 நிமிடத்துக்கு மேல் உட்காராமலும் இருக்க வேண்டும் என்பதே ஜப்பான் அரசின் நுகர்வோர் முகமை சொந்த நாட்டு மக்களுக்குச் சொல்லும் அறிவுரை. குளியலே பண்பாடாக இருக்கும் அந்த நாட்டில், குளிர்காலத்தில் வீட்டுக் குளியல் தொட்டியில் மயங்கி இறக்கும் முதியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்குப் பல ஆயிரம். சில்லிட்ட அறையில் உடை மாற்றிவிட்டு நேரே கொதிக்கும் நீரில் இறங்குவது முக்கியக் காரணம்.

இனி தாதுக்கள். ஜப்பானின் 1948ஆம் ஆண்டு வெந்நீரூற்றுச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து வரும்போது 25 டிகிரி சூடு இருந்தால் அது ‘ஒன்சென்’, அதாவது வெந்நீரூற்று. அந்தச் சூடு இல்லாவிட்டாலும் பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்று குறித்த அளவில் இருந்தால் போதும். ஆக, தாது அதிகம் இல்லாத ஒன்சென்னும் உண்டு, குளிர்ந்த ஒன்சென்னும் உண்டு. கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்குக் குறைவாகத் தாது உள்ள சூடான நீரை ‘எளிய ஊற்று’ என்று வகைப்படுத்துகிறார்கள். பெயரைப் பார்த்து மட்டமாக நினைக்க வேண்டாம். தோலுக்கு உறுத்தாத இந்த நீர்தான் முதியவர்களுக்கும் முதன்முறை போகிறவர்களுக்கும் ஏற்றது. மத்சுயாமா நகரின் தோகோவும் கிஃபு மாகாணத்தின் கெரோவும் இந்த வகைதான். உப்பு ஊற்றில் குளித்தால் தோலின் மேல் மெல்லிய உப்புப் படலம் தங்கி, வெளியே வந்த பிறகும் சூடு இறங்காமல் காக்கும். குளிர் தாங்காத மூட்டுக்கு அது நல்லது. கரியமில வாயு கலந்த ஊற்றில் கையை வைத்தால் மயிர்க்கால்தோறும் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அந்த வாயு தோலுக்குள் ஊடுருவி இரத்தக் குழாயை விரிப்பதால் வெதுவெதுப்பான நீரிலேயே உடம்பு சிவந்து சூடாகும். சூடு ஆகாதவர்களுக்கு அதுதான் நல்ல தேர்வு. கொதிக்கவைத்தால் வாயு பறந்துவிடும் என்பதால் அந்த நீரை அளவுக்கு மேல் சூடாக்குவதில்லை.

தங்கள் கட்டுரையில் படம் போட்டிருந்த குசாத்சு, இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. குன்மா மாகாணத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நீரின் அமிலத் தன்மையைக் காட்டும் pH அளவு 2ஐ ஒட்டி இருக்கும், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. இரும்பு ஆணியைப் போட்டுவைத்தால் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும். ஊரிலிருந்து ஓடும் ஆற்று நீரில் மீன் வாழாது, பயிர் தாங்காது, பாலத்தின் சிமெண்டையே அரித்துவிடும் என்பதால் 1964 முதல் சுண்ணாம்புப் பாலை ஆற்றில் ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். இந்த நீரில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. நாள்பட்ட தோல் நோய்களுக்கு அந்த ஊர் பெயர் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1876இல் ஜப்பானுக்கு மருத்துவம் கற்பிக்க வந்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் குசாத்சுவின் மேன்மையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் அதே அமிலம் வறண்ட, வெடித்த, முதுமையில் மெலிந்த தோலைச் சுள்ளென்று கடிக்கும். முதல் நாளே சவரம் செய்த முகத்தோடும், கால் வெடிப்போடும், சொறிந்து புண்ணான கையோடும் அதில் இறங்கினால் எரிச்சல் தாங்காது. மெல்லிய தோலுள்ளவர்கள் குளித்து முடித்ததும் சாதாரண நீரால் அலசிவிட வேண்டும். கண்ணில் படவே கூடாது.

அந்த ஊரில் அண்மைக் காலம் வரை இருந்த ‘நேரக் குளியல்’ என்ற பழைய முறையைப் பார்த்தால், அளவு என்பதை அவர்கள் எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது புரியும். ஊற்று நீர் தொட முடியாத சூட்டில் வருகிறது. தண்ணீர் கலந்தால் தாது நீர்த்துப்போகும் என்பதால் கலக்க மாட்டார்கள். ஆள் உயரத்துக்கு, சுமார் 180 செ.மீ. நீளமுள்ள மரப்பலகைகளைத் தொட்டிக்குள் செருகி, பாட்டுக்கு ஏற்ப இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி நீரைக் கலக்குவார்கள். சூடு 48 டிகிரி அளவுக்கு இறங்கும். பலகை பிடித்த உழைப்பில் குளிக்க வந்தவரின் உடம்பும் அதற்குள் சூடேறியிருக்கும். பிறகு தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக 30 முறை அளவுக்குப் பின்னந்தலையில் நீரை ஊற்றிக்கொள்வார்கள். அதன் பிறகே, குளியல் தலைவரின் குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். அசைந்தால் சூடு குத்தும் என்பதால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நேரத்தைத் தலைவர் உரக்கச் சொல்ல, உள்ளே இருப்பவர்கள் பதில் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராதவர் மயங்குகிறார் என்று தெரிந்துவிடும். மூன்றே நிமிடம், எல்லோரும் மேலே. இது பழகியவர்களுக்கான முறையாக இருந்தது. சுற்றுலாப் பயணி போகும் விடுதித் தொட்டியில் தலைவரும் இல்லை, குரலும் இல்லை. எண்ணிக்கையை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுதியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பயணம் முடிந்து வந்ததும் இறங்காதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். அறையில் தேநீரும் ஒரு துண்டு இனிப்பும் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றோடும் வறண்ட நாக்கோடும் குளித்து மயங்கிவிடாமல் இருக்க அது உதவும். சர்க்கரை உள்ளவர்கள் இனிப்புக்குப் பதில் இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம். ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரம் போகட்டும். மது அருந்தியிருந்தால் அன்று குளியலே வேண்டாம்.

உடை மாற்றும் அறையில் நகைகளைக் கழற்றுங்கள். கந்தக ஊற்றில் வெள்ளி மெட்டியும் கொலுசும் அரைஞாண் கொடியும் கொஞ்ச நேரத்திலேயே கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கண்ணில் போடும் லென்ஸ், காது கேட்கும் கருவி ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள். பொதுத் தொட்டிக்குள் உடையோடு இறங்கக் கூடாது, அது அங்கே சட்டம் போல. கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கு மட்டும் மணிக் கணக்கில் வாடகைக்குத் தரும் தனித் தொட்டியைக் கேளுங்கள், ‘கஷிகிரி’ என்று கேட்டால் போதும். துணைக்கு ஆள் தேவைப்படும் பெற்றோருக்கும் அதுவே நல்லது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பைக் கழுவி, நுரை போக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கேயும் உடனே இறங்காமல், கைச்சட்டியால் தொட்டி நீரையே மொண்டு பாதம், கணுக்கால், முழங்கால், இடுப்பு, கை, தோள் என்று கீழிருந்து மேலாகப் பத்துச் சட்டியாவது ஊற்றிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் திடீரென்று ஏறாமல் காப்பது இந்தப் பத்துச் சட்டிதான். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். முதலில் தொப்புளுக்குச் சற்று மேல் வரை நீர் படும்படி படியில் உட்காருங்கள். உடம்பு ஏற்றுக்கொண்ட பிறகு தோள் வரை இறங்கலாம். இதய பலவீனம் உள்ளவர்கள் அந்தப் படியோடு நிற்க வேண்டும். முதல் நாள் 3 முதல் 5 நிமிடம், அதுவும் ஒரே ஒரு முறை. நெற்றியில் வியர்வை அரும்பினால் எழுந்துவிட வேண்டிய நேரம். எழும்போது கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். அதுவரை கால்களை அழுத்திய நீர் விலகியதும் விரிந்த குழாய்களில் இரத்தம் தேங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். வழுக்கும் கல் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்தக் கணத்தில்தான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

வெளியே வந்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுங்கள். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாதே, கடினமாக எதையும் சாப்பிடாதே என்பார்களே, அதே ஓய்வு இங்கேயும் வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் அவர்கள் ஏராளம். ஒன்சென் ஊர்களில் தெருவோரத்திலேயே இலவசமாகப் பாதக் குளியல் தொட்டிகள் இருக்கும். பேன்ட்டை மடித்துக்கொண்டு உட்காருவதில் என்ன ஆபத்து என்று தோன்றும். நரம்பு தளர்ந்த பாதத்துக்குச் சூடு உறைக்காது. 45 டிகிரி நீரும் இதமாகவே தெரியும், அறைக்குப் போய்க் காலுறையைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அந்தக் கொப்புளம் புண்ணாகி ஆறாமல் விரலையே எடுக்க நேர்வது உண்டு. ஆகவே பாதத்தை வைத்துப் பார்க்கவே கூடாது, முழங்கையை விட்டுப் பாருங்கள், அல்லது உணர்வு நன்றாக உள்ள ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடம் போதும். பிறகு விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பாதத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் எந்தத் தொட்டியிலும் இறங்கக் கூடாது. இன்சுலின் ஊசி போட்ட உடனே வெந்நீரில் இறங்கினால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை சரிந்துவிடும். அந்த நடுக்கத்தையும் வியர்வையையும் குளியல் சூடு என்று நினைத்து ஏமாந்துவிடுவார்கள். தோலில் ஒட்டும் வலிநிவாரணப் பட்டையும் இதயத்துக்கான மருந்துப் பட்டையும் அப்படித்தான், சூட்டில் மருந்து மளமளவென்று இறங்கும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றோடு குளிக்க வேண்டாம்.

காய்ச்சல், இரத்தக் கசிவு, தீவிரமான இரத்தசோகை, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இதய நோய் அல்லது நுரையீரல் நோய், உடம்பு வீங்கிய சிறுநீரக நோய், எந்த நோயும் முற்றி வலி கொதிக்கும் நிலை, இவற்றில் எது இருந்தாலும் வெந்நீரூற்று ஆகாது. மூட்டு சிவந்து வீங்கிச் சுடும்போதும் அப்படியே. வீக்கம் வடிந்து, விறைப்பு மட்டும் மிச்சமிருக்கும்போது போனால்தான் பலன். கர்ப்பிணிகளை அந்நாட்டு அரசு 2014இல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. என்றாலும் வழுக்கும் தரையும் அதிகச் சூடும் அவர்களுக்கு ஆகாது.

விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உடை மாற்றும் அறைச் சுவரில் பகுப்பாய்வுச் சான்று மாட்டியிருக்க வேண்டும், 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பித்தாக வேண்டும் என்பது சட்டம். கைபேசிக் கேமராவை அதன்மேல் பிடித்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடும். ஊற்றின் சூடு, அமிலத் தன்மை, தாது அளவுகள், யார் குளிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். நீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுழற்சியில் மறுபடி விடுகிறார்களா, குளோரின் போடுகிறார்களா? 2004இல் நாகானோ மாகாணத்தின் புகழ்பெற்ற பால் நிற ஊற்று ஒன்றில் குளியல் பொடி கலந்து வெண்மையாக்கியது அம்பலமான பிறகு, இவற்றையும் அறிவிக்கச் சொல்லி விதி வந்தது. ஊற்றிலிருந்து வந்து தொட்டி நிரம்பி வழிந்து போகும் நீரே உயர்ந்தது. சுழற்சி நீர் என்றால் கெட்டது என்று பொருளில்லை, ஆனால் வடிகட்டியையும் குழாயையும் ஒழுங்காகக் கழுவிக் குளோரினும் போட வேண்டும். தவறினால் குழாயின் உட்புறத்து வழுவழுப்பில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகி, நீராவித் துளியோடு நுரையீரலுக்குள் போய்விடும். 2002இல் மியாசாகி மாகாணத்தின் ஹ்யூகா நகரில் ஒரு குளியல் மையத்திலிருந்து இப்படிப் பரவிய நோயில் 7 பேர் இறந்தார்கள். தொட்டி ஓரத்தைத் தடவும்போது வழுவழுவென்று இருந்தால் இறங்க வேண்டாம். குளித்துவிட்டு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், வெந்நீரூற்றுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கந்தக ஊற்றில் அழுகிய முட்டை நாற்றம் இயல்பு. திடீரென்று நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றினால் மூக்கு மரத்துப் போயிருக்கலாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, நீர்மட்டத்தை ஒட்டித் தேங்கும். அதனால்தான் அங்கே கீழ்ப்பக்கத்தில் காற்றுத் துளை வைக்கிறார்கள். குளிர் அடிக்கிறது என்று அதை அடைத்துவிடக் கூடாது. தலையை முக்கிக் குளிப்பதும் வேண்டாம். மூக்கு வழியாக நுழையும் அமீபா மூளையைத் தாக்கும் நோயைப் பற்றிக் கேரளத்துச் செய்திகளில் படித்திருப்போம். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீரில் நீந்திய ஒரு சிறுமி 1978இல் அந்த நோயால்தான் இறந்தாள். முழுக்குப் போடுவது நம் வழக்கம் என்றாலும், இயற்கை வெந்நீரில் கழுத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

முழங்கால் தேய்மானத்துக்கு இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து தாதுநீரில் குளித்தவர்களுக்கு வலி குறைந்ததையும், அது சில மாதங்கள் நீடித்ததையும் ஐரோப்பாவிலும் துருக்கியிலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தாதுவால் எவ்வளவு, சூட்டால் எவ்வளவு, வீட்டு வேலையை விட்டு ஓய்ந்திருந்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண வெந்நீரைக் கொடுத்தாலும், வாசனையை வைத்தே எது ஊற்று நீர் என்று குளிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறதே. தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்து விடுவதில்லை. வலி இறங்கும் அந்த மாதங்களில் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து வலுவாக்கிக்கொள்வதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஜப்பானியர் ஏழு நாளை ஒரு சுற்று என்பார்கள். நோய்க்காகப் போனால் மூன்று சுற்று, 21 நாள். பிரான்சிலும் சிகிச்சை 18 நாள். முதல் வாரத்தில் சோர்வும் பசியின்மையும் தலைபாரமும் வருவது உண்டு. அதற்கு அங்கே ‘யு அதாரி’ என்று தனிப்பெயரே இருக்கிறது. வந்தால் ஒரு நாள் குளியலை நிறுத்தினால் சரியாகிவிடும். ஒரே இரவு தங்கப் போகிறவர்கள் கொடுத்த காசுக்கு வட்டியோடு அனுபவிக்க நினைத்து ஒரு நாளில் ஐந்து முறை இறங்குகிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது இந்தச் சோர்வு மட்டும்தான். ஓரிரவுப் பயணத்தில் மாலை ஒன்று, காலை ஒன்று போதும்.

நம் பக்கத்துப் பழக்கங்களுக்கும் இது பொருந்தும். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான பத்ரிநாத்துக்குப் போகும் நம்மூர்ப் பெரியவர்கள், 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்த குளிரில் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, தப்த குண்டம் என்ற அங்குள்ள வெந்நீர்க் குளத்தில் நேராக இறங்குகிறார்கள். அங்கே தொட்டியில் மூழ்காமல், சொம்பால் மொண்டு காலிலிருந்து மேலாக ஊற்றிக்கொண்டாலே நீராடியதாகும். திருகோணமலை கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, நெஞ்சை நீர் அழுத்தாத அந்த முறை முதியவர்களுக்கு மிகவும் பாதுகாப்பானது. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும் என்பதால் சூடு குறைந்ததில் தொடங்கினால் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது. முழுவதையும் வெளியிட இடம் இல்லையென்றால், சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றிய பத்தியையாவது தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி